பிரசவ நாளை முன்னுக்கு இழுக்கலாமா?

அண்ணாமலையின் மேற்புறத்தில், கிரிவலப் பாதையில் அமைந்த ஊர் அடி அண்ணாமலை. பௌர்ணமி நாட்களிலும் கார்த்திகைத் தீபத்தன்றும் 14 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை முழுவதும் ஜனசமுத்திரமாகிவிடும். அந்நாட்களை ஒட்டிப் பேறுகாலம் நெருங்கினால், "அதற்கு முன்பே மருந்து கொடுத்துப் பிரசவத்தை முடித்துவிடலாகாதா?" என்று வீட்டார் கேட்பதில் வியப்பில்லை. நல்ல நட்சத்திரம் வேண்டியும், சித்திரையில் தலைப்பிள்ளை பிறத்தலாகாது என்றஞ்சியும் இவ்வாறே கேட்போர் நம் நாட்டில் உண்டு. வைத்தியக் காரணமின்றி வலியை வரவழைப்பது தகுமா என்பதை ஆராய்வோம்.

முதலில் கர்ப்பப்பையின் வாய் நெகிழ்வதற்கு மருந்து வைப்பர், அல்லது சிறு பலூன் பொருத்திய குழாயைச் செலுத்துவர். பின்னர் ஆக்ஸிடோசின் மருந்தைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றுவர். தாயின் உடலில் தானே சுரக்கும் இப்பொருளைச் செயற்கையாக ஆக்கிக் காட்டிய அமெரிக்க விஞ்ஞானி வின்சென்ட் டு விக்னோ 1955இல் நோபெல் பரிசு பெற்றார். அளவு மிஞ்சினால் கர்ப்பப்பை ஓயாது இறுகி, சிசுவுக்குச் செல்லும் பிராணவாயு குறையும். முன்னர் அறுவை மூலம் பிள்ளை பெற்றவருக்குப் பழைய தழும்பு பிளக்கவும் கூடும். ஆகையால் சிசுவின் இதயத் துடிப்பைக் கவனிக்கவும், வேண்டின் உடனே அறுவை செய்யவும் வசதியுள்ள ஆஸ்பத்திரியிலேயே இது நடைபெற வேண்டும். வீடு தேடி வந்து 'வலி ஊசி' போடுவோரை அண்டவிடலாகாது.

37 வாரம் நிறைந்தால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். பால் பிடிக்கும் கதிரை அறுக்கும் விவசாயி உண்டோ? 37, 38ஆம் வாரங்களில் பிறக்கும் சிசுக்களிடையே மூச்சுத் திணறலும், மஞ்சட்காமாலையும், பாலுறிஞ்சும் வலுவின்மையும் கூடுதலாகக் காணப்படுகின்றன. கடைசி மாதவிலக்கு நாளை மறந்தவர்களின் கணக்கோ மேலும் இரண்டொரு வாரம் பிசகிவிடும். முதல் மூன்று மாதங்களுக்குள் ஸ்கேன் எடுத்துக்கொண்டால் இப்பிசகு பெரும்பாலும் நேராது.

39 வாரம் நிறைந்தபின் நிலைமை வேறு. 2018இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், முதற்பிள்ளை பெறும் ஆரோக்கியமான தாய்மார் 6,000 பேருக்கு மேல் சேர்ந்தனர். 39ஆம் வாரத்தில் வலி வரவழைக்கப்பட்டோரில் 100க்கு ஏறத்தாழ 19 பேருக்கும், காத்திருந்தோரில் 22 பேருக்கும் அறுவை தேவைப்பட்டது. எனினும் இடைவிடாக் கண்காணிப்புள்ள ஆஸ்பத்திரிகளின் அனுபவம் அது. சிக்கலற்ற கர்ப்பத்தில் 41 வாரத்திற்கு முன் இதனைச் செய்ய வேண்டுவதில்லை என்பதே உலக சுகாதார நிறுவனம் 2011இல் கூறிய யோசனை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாயின் விருப்பம் எனப்படுவது பல வீடுகளில் மாமியாரின் விருப்பம், அல்லது ஜோதிடரின் விருப்பம்! உடல் தளர்ந்தோ அச்சமுற்றோ அவளே கேட்பாளாயின், டாக்டர் அவளிடமே தனித்துப் பேசி நன்மை தீமைகளை விளக்க வேண்டும். இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, பனிக்குடம் உடைதல், சிசுவின் வளர்ச்சிக் குறைவு ஆகியவற்றுக்காக டாக்டரே வலியை வரவழைக்கச் சொன்னால், நாள் பார்த்துத் தள்ளிப்போடுதல் பெருந்தீங்கு.

கூட்டத்திற்கு அஞ்சிக் கேட்போரின் கவலையைப் பஞ்சாயத்தே தீர்க்கலாம். அம்மாதம் பேறுகாலம் எதிர்நோக்கும் கர்ப்பிணிகளின் பட்டியலைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெற்று, திருவிழாவிற்கு முன்பே அவர்களை ஆஸ்பத்திரியிலோ நகரத்து உறவினர் வீட்டிலோ தங்கச் செய்யலாம். 108 வண்டி எவ்வழியே ஊருக்குள் வந்து திரும்பும் என்பதையும் போலீசாருடன் முன்கூட்டியே பேசி முடிவுசெய்துகொள்ளலாம்.