கெடுத்தவர் யார்? செலவு யாருக்கு?

டிராம்பேயில் குழாயைத் திறந்தால் ஏரித் தண்ணீர் வருகிறது. நம் சொந்த ஊரில்? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் பலருக்குக் கிணறுதான் கதி.

அங்கே தோல் பதனிடும் ஆலைகள் பல. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகும். உப்பும் குரோமியமும் கலந்த கழிவு நீர் பாலாற்றிலும் நிலத்திலும் விடப்பட்டது. அது மண்ணுக்குள் இறங்கியது. தோல் ஆலைகள் உள்ள திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்தார்கள். 350 கெட்டிருந்தன.

கொதிக்க வைத்தால் போதுமா? போதாது. கிருமி சாகும். உப்பு போகாது. அதை நீக்க மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி வடிகட்ட வேண்டும். இயந்திரம், மின்சாரம், ஆள் எல்லாம் வேண்டும். பிரித்த உப்பை எங்கே சேர்ப்பது என்றும் முதலிலேயே திட்டமிட வேண்டும்.

பணம் யார் தருவது? மக்கள் வழக்குப் போட்டார்கள். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: கெடுத்தவரே தர வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடும் அவர் பொறுப்பு. மண்ணையும் நீரையும் சீராக்கும் செலவும் அவர் பொறுப்பு.

ஆனாலும் ஆறு சீராகவில்லை. 2025 ஜனவரி 30 அன்று நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட்டது: அரசு முதலில் இழப்பீடு கொடுக்க வேண்டும், பிறகு ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும்.

உங்கள் ஊர்க் கிணற்று நீரைப் பரிசோதித்தார்களா? கிராம சபையில் கேளுங்கள்.