நோயைப் பட்டினி போட முடியுமா?

புற்றுநோய் நான்காம் கட்டம் என்று டாக்டர் சொன்ன மறுநாளே சமையலறைக்கு ஆலோசகர்கள் வந்துவிடுகிறார்கள். சர்க்கரை ஆகாது, பால் ஆகாது, சோற்றைக் குறை என்பார் சித்தி. முள்சீத்தா இலைக் கஷாயம் பற்றி வாட்ஸ்அப்பில் அனுப்புவார் மாமா. பத்தே நாளில் நோயாளியின் தட்டில் மிஞ்சுவது கோதுமைப்புல் சாறும் நாலு வெள்ளரித் துண்டும்தான்.

சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினியில் சாகும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சாப்பாட்டில் மாவும் சர்க்கரையும் குறைந்தால், தசையிலுள்ள புரதத்தைக் கரைத்தாவது ரத்தத்தில் குளுக்கோஸை உடம்பு தக்கவைத்துக்கொள்ளும். முற்றிய புற்றுநோயில் எடை இறங்குவதுதான் பெரிய பயம். தசை கரைந்தவர்களுக்குக் கீமோ தாங்காது. மருந்தின் அளவையே குறைக்க நேரும்.

உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது ஐரோப்பிய ஊட்டச்சத்து மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல். 50 கிலோ எடையுள்ள அம்மாவுக்குக் குறைந்தது 50 கிராம். ஒரு முட்டையில் கிடைப்பது சுமார் 6 கிராம். மீதிக்குப் பருப்பு, மீன், சுண்டல், தயிர் எல்லாம் வேண்டும். பசியே இல்லாதவரிடம் மூன்று வேளைச் சாப்பாட்டை நீட்டிப் பயனில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சின்னக் கிண்ணம் போதும். வாய்ப்புண் வந்த வாரத்தில் குழையப் பிசைந்து ஆறவைத்த தயிர்சாதம், காரமும் ஊறுகாயும் இல்லாமல். கஞ்சியில் ஒரு ஸ்பூன் நெய் விட்டால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. (சர்க்கரை நோயும் இருந்தால் கணக்கு வேறு, டாக்டரைக் கேளுங்கள்.)

அடுத்தது, "அசையாம படு" என்கிற அன்பு. உடம்பின் பிற இடங்களுக்கும் பரவிய மார்பகப் புற்றுநோயுள்ள 357 பேரிடம் நடந்த ஆய்வு 2024-இல் வெளியானது. வாரம் இரண்டு முறை, ஒன்பது மாதம், பயிற்சியாளர் மேற்பார்வையில் உடற்பயிற்சி செய்தவர்களுக்கு அசதி குறைந்திருந்தது. எலும்புக்குப் பரவியிருந்தால் எடை தூக்குமுன் டாக்டரிடம் கேட்பது கட்டாயம். மற்றவர்கள் மொட்டைமாடியில் பத்து நிமிட நடையிலிருந்து தொடங்கலாம்.

எனக்கு எரிச்சலூட்டுவது மூன்றாவது உபதேசம்: "தைரியமா இருந்தா ஜெயிச்சிடலாம்." 1989-இல் ஸ்டான்ஃபோர்டின் டேவிட் ஸ்பீகல் 86 பெண்களிடம் செய்த ஆய்வில், வாரந்தோறும் கூடி மனம்விட்டுப் பேசியவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஒன்றரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள். உலகமே கொண்டாடியது. 2001-இல் கனடாவில் 235 பெண்களிடம் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது ஆயுள் கூடவில்லை. மனச்சுமையும் வலியும் குறைந்தன. அதுவே பெரிய லாபம் என்பேன். ஆனால் ஸ்கேன் மோசமாக வந்த அன்று, "நான் அழுததாலதான்" என்று ஒரு பெண் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ள இதில் ஆதாரம் ஏதுமில்லை.

ஆயுள் கூடியதாகக் காட்டிய ஆய்வு வேறொன்று உண்டு. 2010-இல் பாஸ்டனில், முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடந்தது. வலி, மூச்சுத்திணறல், மனக்கலக்கத்தைக் கவனிக்கும் பேலியேட்டிவ் கேர் தொடக்கத்திலேயே கிடைத்தவர்கள் 11.6 மாதமும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 8.9 மாதமும் வாழ்ந்தார்கள். நம் வீடுகளில் அந்தப் பிரிவின் பெயரைச் சொன்னாலே, டாக்டர் கைவிட்டுவிட்டார் என்று அழத் தொடங்கிவிடுகிறார்கள்.