லிங்கன் பிறந்த இடத்தில் இருப்பது லிங்கன் குடிசை இல்லையா?

மொத்தம் 56 படிகள். ஆபிரகாம் லிங்கன் வாழ்ந்த ஆண்டுகளும் 56. ஏறி முடித்தால், கிரேக்கக் கோயில் மாதிரி தூண்கள் வைத்த ஒரு கட்டடம். உள்ளே நடுவில் சின்னதாக ஒரு மரக்குடிசை. ‘அமெரிக்காவின் 16-வது அதிபர் பிறந்தது இதிலா!’ என்று போனை எடுக்கிறீர்களா? ஒரு நிமிஷம். அவர் பிறந்தது இந்தக் குடிசையில் இல்லை!

இது எங்கே இருக்கிறது?

கென்டக்கி மாநிலத்தில், ஹாட்ஜென்வில் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில். ‘ஆபிரகாம் லிங்கன் பிறப்பிட தேசிய வரலாற்றுப் பூங்கா’ என்பது முழுப்பெயர். லூயிவில் நகரிலிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரம். நுழைவுக் கட்டணம் கிடையாது.

அப்போ அந்தக் குடிசை யாருடையது?

லிங்கன் பிறந்தது 1809 பிப்ரவரி 12-ல். 1890-களில் நியூயார்க் தொழிலதிபர் ஒருவர் இந்த நிலத்தை வாங்கினார். பக்கத்திலிருந்த பழைய வீட்டு மரங்களைக் கொண்டு ஒரு குடிசை எழுந்தது. அதைப் பிரித்து எடுத்துப்போய் வெளியூர்க் கண்காட்சிகளில் காட்டினார்கள்.

பிறகு, இங்கே நினைவு மண்டபத்துக்கு 1909-ல் அடிக்கல் நாட்டியவர் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட். 1911-ல் மண்டபம் திறக்கப்பட்டது. உள்ளே குடிசையைச் சுற்றிவர இடம் போதவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? குடிசையையே சிறிதாக்கிவிட்டார்கள்!

2004-ல் மரவளையங்களை வைத்து வயதைக் கணக்கிட்டார்கள். இருப்பதிலேயே பழைய மரம் 1848-ஐச் சேர்ந்தது. அப்போது லிங்கன் நாடாளுமன்ற உறுப்பினராகவே இருந்தார். இப்போது பூங்கா நிர்வாகமே இதை ‘அடையாளக் குடிசை’ என்றுதான் சொல்கிறது.

பிறகு எதற்குப் போக வேண்டும்?

நிலம் உண்மையானது. படிகளுக்குக் கீழே, பாறைப் பள்ளத்துக்குள் ஒரு நீரூற்று இன்றும் ஓடுகிறது. லிங்கன் குடும்பம் தண்ணீர் எடுத்தது இங்கிருந்துதான்.

ஆனால் அந்த நிலம் அவர்களிடம் நிலைக்கவில்லை. அப்பா தாமஸ் லிங்கன் 200 டாலர் கொடுத்து 300 ஏக்கர் வாங்கினார். கென்டக்கியில் அப்போது அரசு முறையாக நிலம் அளந்து கொடுக்கவில்லை. ‘இந்த மரத்திலிருந்து அந்த ஓடை வரை’ என்று அவரவர் எல்லை குறித்துக்கொண்டார்கள். ஒரே நிலத்துக்குப் பலர் பத்திரத்தோடு வந்தார்கள். வில்லங்கம் என்றால் நமக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

1811-ல், ஆபிரகாமுக்கு 2 வயதில், குடும்பம் சுமார் 16 கி.மீ. தள்ளி நாப் கிரீக்குக்கு இடம்பெயர்ந்தது. அங்கேயும் வழக்கு. 1816-ல் கென்டக்கியை விட்டே வெளியேறி இண்டியானா போனார்கள். அங்கே அரசே அளந்து விற்ற நிலம் கிடைத்தது. அடிமை முறைக்கும் தடை இருந்தது. அப்பா ஊரை விட்டதற்கு அடிமை முறை ஒரு காரணம், நிலப் பத்திரச் சிக்கலே முக்கியக் காரணம் என்று லிங்கனே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

நாப் கிரீக்கும் இந்தப் பூங்காவின் ஒரு பகுதிதான். லிங்கனின் முதல் நினைவுகள் அந்த ஊரைப் பற்றியவை. இரண்டு இடங்களையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

குடிசை முன்னால் செல்ஃபி எடுங்க, தப்பில்லை. ஆனா ஊற்றுப் பக்கம் இறங்காம வந்துடாதீங்க!