வீடா, கடையா? குஷாய்குடாவில் சொத்துவரி போடும் முறை

ஹைதராபாத்தின் குஷாய்குடா தெருக்களில் ஒரு வகைக் கட்டடத்தை அடிக்கடி பார்க்கலாம். தரைத்தளத்தில் தெருவைப் பார்த்து இரண்டு ஷட்டர், முதல் மாடியில் வீட்டுக்காரர் குடும்பம், அதற்கு மேல் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். ஒரு ஷட்டரில் மளிகைக் கடை இருக்கும், இன்னொன்றில் மோட்டாருக்குக் காயில் சுற்றுவார்கள். கொஞ்சம் தள்ளிப் போனால் தொழிற்பேட்டை. வீடும் கடையும் பட்டறையும் இப்படி ஒரே சுவருக்குள் இருக்கும்போது, அந்தக் கட்டடத்தை எந்த வகையில் சேர்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து வரி இரண்டு மடங்குக்கு மேல்கூட மாறிவிடும்.

முன்பு இந்தப் பகுதி காப்ரா நகராட்சியில் இருந்தது. 2007 ஏப்ரலில் 12 நகராட்சிகளையும் 8 கிராமப் பஞ்சாயத்துகளையும் பழைய ஹைதராபாத் மாநகராட்சியோடு இணைத்துப் பெருநகர மாநகராட்சி ஆக்கினார்கள். அந்த 12-இல் காப்ராவும் ஒன்று. அதன் பிறகு இங்கே சொத்துவரிக்கு அடிப்படை 1955-ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டம்தான்.

கணக்கு வாடகை மதிப்பிலிருந்து தொடங்குகிறது. உங்கள் குடித்தனக்காரர் மாதாமாதம் தரும் பணத்தை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பகுதி, கட்டட வகை, பயன்பாடு ஆகியவற்றைப் பார்த்து, ஒரு சதுர அடிக்கு மாதம் இத்தனை ரூபாய் என்று மாநகராட்சி அறிவித்திருக்கும் விகிதம் இது. கட்டடப் பரப்பை இந்த விகிதத்தால் பெருக்கினால் மாத வாடகை மதிப்பு, அதை 12-ஆல் பெருக்கினால் ஆண்டு வாடகை மதிப்பு. பால்கனி, கார் நிறுத்தும் இடம் எல்லாம் பரப்பில் சேரும்.

குடியிருப்பு என்றால் மாத வாடகை மதிப்பு 50 ரூபாய் வரை வரி கிடையாது. 51 முதல் 100 வரை ஆண்டு வாடகை மதிப்பில் 17 சதவீதம், 200 வரை 19, 300 வரை 22, அதற்கு மேல் 30 சதவீதம். இப்படி வரும் தொகையில் தேய்மானத்துக்கு 10 சதவீதம் கழித்து, நூலக வரியாக 8 சதவீதம் கூட்டுவார்கள். கடை, அலுவலகம் போன்றவற்றுக்குப் படிநிலை எதுவும் இல்லை. பரப்பை விகிதத்தால் பெருக்கி, அதை 3.5-ஆல் பெருக்கினால் ஆண்டு வரி வந்துவிடும்.

இந்த 3.5 எங்கிருந்து வந்தது? 12 மாதம், 30 சதவீத வரி, 10 சதவீதக் கழிவு, 8 சதவீத நூலக வரி. நான்கையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 3.5 வரும். ஆக, 300 ரூபாய்ப் படியைத் தாண்டிய வீட்டுக்கும் பக்கத்துக் கடைக்கும் சதவீதம் ஒன்றேதான். சதுர அடிக்கான விகிதம்தான் வரியை ஏற்றுகிறது. பலரும் சதவீதத்தைப் பற்றியே வாதாடிக்கொண்டிருப்பதால் இதைக் கவனிப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. கணக்கு புரிவதற்காக வீட்டுக்குச் சதுர அடிக்கு 1 ரூபாய், கடைக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 900 சதுர அடி முழுவதும் வீடு என்றால் ஆண்டு வரி சுமார் 3,150 ரூபாய். அதில் 150 சதுர அடியை ஷட்டர் போட்டுக் கடைக்கு விட்டால், மீதி 750-க்கு 2,625, கடைக்கு 4,200, மொத்தம் 6,825 ரூபாய். பரப்பில் ஆறில் ஒரு பங்குதான் கடை, ஆனால் மொத்த வரி இரண்டு மடங்கைத் தாண்டுகிறது.

மாடி மாடியாக, பகுதி பகுதியாகப் பிரித்துக் கணக்கிட வேண்டும் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். கீழே கடை இருப்பதால் மேலே உள்ள வீடும் கடையாகிவிடாது. கட்டடம் முழுவதற்கும் கடை விகிதம் போட்டிருந்தால் அது தவறு, தட்டிக் கேட்க வேண்டியது.

இன்னொரு குழப்பமும் உண்டு. நகரின் பெருந்திட்ட வரைபடத்தில் ஓர் இடம் ‘குடியிருப்பு மண்டலம்’ என்று நிறம் தீட்டப்பட்டிருக்கலாம். வரி போடுகிறவர் அந்த வரைபடத்தைப் பார்ப்பதில்லை, இன்றைக்கு அங்கே என்ன நடக்கிறது என்பதையே பார்க்கிறார். மின்வாரியத்துக்குத் தனி வகைப்பாடு: வீட்டு இணைப்பு முதல் வகை, வணிகம் இரண்டாம் வகை, தொழில் மூன்றாம் வகை. மீட்டர் வணிக வகையில் ஓட, வரிப் பதிவேட்டில் ‘குடியிருப்பு’ என்று இருந்தால் என்றாவது ஒருநாள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கடை வரி கட்டிய ரசீது கையில் இருப்பதால் குடியிருப்பு மண்டலத்தில் கடை வைக்க அனுமதி கிடைத்துவிட்டது என்றும் நினைத்துவிடக் கூடாது. வரி வேறு, அனுமதி வேறு.

அருகிலுள்ள சேர்லப்பள்ளி போன்ற தொழிற்பேட்டைகளின் ஏற்பாடே வேறு. அங்கே தொழிற்பகுதி உள்ளாட்சி ஆணையம் வரி வசூலித்து, ஒரு பங்கை உள்ளாட்சிக்குக் கொடுத்துவிட்டு, மீதியை அதே பேட்டையின் சாலைக்கும் விளக்குக்கும் செலவிடுகிறது. காலி மனைக்கும் கணக்கு வேறு: அதற்கு வாடகை மதிப்பு பொருந்தாது, மனையின் மூலதன மதிப்பை வைத்து வரி போடுவார்கள்.

ஹைதராபாத்தில் குடியிருப்பு விகிதங்களைக் கடைசியாக 2002-இலும் வணிக விகிதங்களை 2007-இலும் திருத்தினார்கள். சென்னையில் 2022-இல் உயர்த்தியபோது 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 50 சதவீதம் வரை, பெரிய வீடுகளுக்கு 150 சதவீதம் வரை என்று பரப்பைப் பார்த்துப் பிரித்தார்கள். தெலங்கானா சிறு வீட்டுக்கு வேறு வழியில் உதவுகிறது: ஆண்டு வரி 1,200 ரூபாய்க்குள் வரும் குடியிருப்புக்கு 101 ரூபாய் கட்டினால் போதும். நல்ல சலுகை இது. ஆனால் முன்னறையில் ஒரு தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கும் பெண்ணின் வீட்டைக் கடை என்று எழுதிவிட்டால் அந்தச் சலுகையே கைவிட்டுப் போகக்கூடும். குடும்பமே செய்யும் இத்தகைய சிறுதொழிலை ஏசி போட்ட ஷோரூமோடு ஒரே பக்கத்தில் நிறுத்துவது நியாயம் இல்லை. அடுத்த திருத்தத்தில் இதற்கென்று தனி வகை வேண்டும்.

அதுவரை உங்கள் கையில் இருப்பது வரி நோட்டீஸ்தான். அதில் பரப்பு, பயன்பாடு, விகிதம் மூன்றையும் சரிபாருங்கள். தவறு இருந்தால் நோட்டீஸில் குறித்த கெடுவுக்குள் மறுபரிசீலனை மனு கொடுங்கள். கடையைக் காலி செய்து மறுபடி வீடாக்கியவர்கள் அந்த மாதமே மாநகராட்சியின் வட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, பதிவேட்டில் மாற்றச் சொல்லி, மனுவின் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதிக் கொடுக்காதவரை கடைக்கான வரியே வந்துகொண்டிருக்கும், கட்டாமல் விட்டால் மாதம் 2 சதவீத வட்டியும் சேரும்.