கார் அப்பளமாக நொறுங்கினால்தான் 'டோட்டல் லாஸ்'-ஆ? இன்ஷூரன்ஸ் நிறுவனங்களின் 75% கணக்கு!

விபத்தில் கார் அப்பளம்போல நொறுங்கினால்தான் 'டோட்டல் லாஸ்' என்று பலரும் நினைக்கிறோம். ஆனால், ஓரளவே அடிபட்ட பழைய கார் டோட்டல் லாஸ் ஆவதும், முன்பக்கம் நசுங்கிய புதுக் காரை 'ரிப்பேர் செய்துகொள்ளுங்கள்' என்று சொல்வதும் உண்டு. ஏன் இப்படி?

அளவுகோல் ஐ.டி.வி!

உங்கள் பாலிசியில் ஐ.டி.வி என்று ஒரு தொகை இருக்கும். அந்த மாடலின் இன்றைய விற்பனை விலையிலிருந்து தேய்மானத்தைக் கழித்து வரும் மதிப்பு அது. 1 முதல் 2 வயதான காருக்கு 20%, 4 முதல் 5 வயதான காருக்கு 50% கழிப்பார்கள். 5 வயதைத் தாண்டிய காருக்கு, நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவுசெய்ய வேண்டும்.

பாலிசி விதிகளின்படி கணக்கிடும் மீட்பு மற்றும் ரிப்பேர் செலவு, ஐ.டி.வி-யில் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் அது டோட்டல் லாஸ். உதாரணமாக, செலவு 3.20 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐ.டி.வி 4 லட்சம் என்றால், வரம்பு 3 லட்சம்தான். கார் டோட்டல் லாஸ். ஐ.டி.வி 8 லட்சம் என்றால், வரம்பு 6 லட்சம், ரிப்பேர்தான்.

கணக்கிடுவது யார்?

சேதம் 50,000 ரூபாயைத் தாண்டினால், உரிமம் பெற்ற சர்வேயர் நேரில் பார்ப்பார். ஒர்க்‌ஷாப் தரும் எஸ்டிமேட்டை அவர் அப்படியே ஏற்க மாட்டார். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50% என தேய்மானத்தைக் கழித்தே கணக்கிடுவார். 'ஜீரோ டெப்' பாலிசி என்றால் இந்தக் கழிவு பெரும்பாலும் இருக்காது.

கைக்கு எவ்வளவு வரும்?

டோட்டல் லாஸ் என்று முடிவானால், ஐ.டி.வி-யில் மீண்டும் தேய்மானம் பிடிக்கக் கூடாது. 1,500 சிசி வரையிலான காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் கட்டாயப் பிடித்தம் மட்டும் உண்டு. உடைந்த காரை நீங்களே வைத்துக்கொண்டால், அதன் மதிப்பையும் கழிப்பார்கள். 4 லட்சம் ஐ.டி.வி, உடைந்த காரின் மதிப்பு 80,000 என்றால், சிறிய காருக்குக் கையில் கிடைப்பது 3,19,000 ரூபாய்.

கார் லோன் இருந்தால், பணம் முதலில் வங்கிக்குத்தான் போகும். பாக்கிக் கடன் அதைவிட அதிகமென்றால், மிச்சத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். பிரீமியம் குறையுமே என்று ஐ.டி.வி-யைக் குறைத்துப் போட்டவர்களுக்கு அடி விழுவது இங்கேதான். 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' கூடுதல் கவர் எடுத்திருந்தால், அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்டு இன்வாய்ஸ் விலை கிடைக்கும்.

ஆர்.சி-யை மறக்காதீர்கள்!

பணம் வந்ததும் வேலை முடிந்துவிடாது. வாகனம் இனி பயன்படாது என்றானால், 14 நாள்களுக்குள் ஆர்.டி.ஓ-வுக்குத் தெரிவித்து ஆர்.சி-யை ரத்துசெய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு. அந்த ஆர்.சி-யும் சேஸிஸ் நம்பரும் திருட்டு காருக்குப் பொருத்தப்பட்டால், போலீஸ் முதலில் தேடி வருவது பதிவில் பெயருள்ள உங்களைத்தான். உடைந்த காரை ஒப்படைக்கும்போது, தேதியுடன் எழுத்துபூர்வமான ஒப்புகையை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.