கடைக்கு ஒரு சர்வர்: கணக்கும் ஓர் அமானிதமே!



திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. கடன் கணக்கைப் பற்றியது. சூரத்துல் பகராவின் 282ஆம் வசனமே அது. தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுத்தில் பதிவதையும், எழுதுபவரின் நேர்மையையும், சாட்சிகளையும் அது விரிவாக வலியுறுத்துகிறது. கணக்கு என்பது கடைக்காரரின் சொந்தச் சொத்து மட்டுமன்று. பிறருடைய உரிமையும் அதில் அடங்கியிருக்கிறது என்பதை இதிலிருந்து நாம் உணரலாம்.

நம் பாட்டனார் காலத்தில் கணக்கு பேரேட்டில் இருந்தது. பேரேடு இரும்புப் பெட்டியில் இருந்தது. இன்றோ சிறு துணிக்கடையின் கணக்கும் கம்ப்யூட்டருக்குள் குடியேறிவிட்டது. பில் போடும் மேசையில் ஒன்று, கிடங்கில் ஒன்று, கணக்கர் முன் ஒன்று என மூன்று கம்ப்யூட்டர்கள். மூன்றிலும் மூன்று விதமான இருப்புக் கணக்கு! எது சரி என்று மாலையில் வாக்குவாதம். இத்தகைய கடைக்கு ஏற்ற தீர்வே சர்வர்.

சர்வர் என்றால் என்ன?

உணவகத்தில் பரிமாறுபவரைச் சர்வர் என்று அழைக்கிறோம் அல்லவா? இதுவும் அத்தகைய பணியாளே. கணக்கு முழுவதையும் தன்னிடம் வைத்துக்கொண்டு, மற்ற கம்ப்யூட்டர்கள் கேட்பதை எடுத்து வழங்கும் ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை.

நான்கைந்து கம்ப்யூட்டர்கள் உள்ள கடைக்கு, சில ஆண்டுகள் உழைத்த, 8 ஜி.பி. நினைவகம் கொண்ட மேசைக் கம்ப்யூட்டரே பெரும்பாலும் போதும். ஹார்ட் டிஸ்க் மட்டும் புதிதாக, ஒரே அளவில் இரண்டு வாங்குங்கள். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படுமாறு அமைக்கலாம்; இதனை 'ரெய்டு 1' என்பர். ஒன்று பழுதானாலும் மற்றது கடையை நடத்தும். யூ.பி.எஸ். அவசியம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கணக்குக் கோப்பு சிதையக்கூடும். சர்வரை ரூட்டருடன் கேபிள் மூலம் இணையுங்கள். தூசியும் மழைநீரும் எட்டாத, காற்றோட்டமான இடத்தில், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள்.

மென்பொருளிலும் ஹலால்

அடுத்து, அதனை இயக்கும் மென்பொருள். திருட்டு நகலைப் போட்டுக்கொள்வதைப் பலர் தவறாகவே கருதுவதில்லை. எழுதியவர், கண்டுபிடித்தவர் ஆகியோரின் உரிமைகள் ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டவை என்று 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்திருக்கிறது. இதில் உலக நஷ்டமும் உண்டு. 2017ஆம் ஆண்டு மே மாதம் 'வான்னாகிரை' என்ற நச்சு நிரல் உலகெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணயத்தொகை கேட்டது. பிரிட்டனின் மருத்துவமனைகளும் தப்பவில்லை. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. திருத்தத்தைப் பெறாத கம்ப்யூட்டர்களே இரையாயின. திருட்டு நகலை நம்பியிருப்போர் இத்தகைய திருத்தங்களை முறையாகப் பெறுவது அரிது.

ஹலாலான இலவச வழி இருக்கிறது. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸை யாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம். 'உபுண்டு சர்வர்' என்பது அதன் ஒரு வடிவம். அதில் நீண்டகால ஆதரவுப் பதிப்பைத் தேர்ந்தால் 5 ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் இலவசமாக வரும். ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கிய 'சம்பா' என்ற மென்பொருளை அதில் நிறுவினால், கடையிலுள்ள விண்டோஸ் கம்ப்யூட்டர்களும் சர்வரின் கோப்புகளைத் திறக்கலாம். உங்கள் கணக்கு மென்பொருளின் கோப்புகளை லினக்ஸில் வைக்கலாமா என்று விற்றவரிடம் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். இயலாதெனில் விண்டோஸை விலை கொடுத்தே வாங்குங்கள்.

முதல் நாளே உண்மைக் கணக்கை ஏற்றிவிட வேண்டாம். போலி பில்களைக் கொண்டு இரண்டு வாரம் பழகுங்கள். பின்னர் ஒரு மாதம் பழைய முறையும் புதிய முறையும் சேர்ந்தே நடக்கட்டும்.

யமாமா தரும் படிப்பினை

இரண்டு ஹார்ட் டிஸ்க் இருப்பதால் கவலையில்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் அது அழியும். நச்சு நிரல் புகுந்தாலும், தீப்பிடித்தாலும் இரண்டும் சேர்ந்தே போகும்.

யமாமா போரில் திருக்குர்ஆனை மனனம் செய்த தோழர்கள் பலர் ஷஹீதானார்கள். உள்ளங்களில் இருந்தது போதுமென்று கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள் விட்டுவிடவில்லை. உமர் (ரலி) அவர்களின் ஆலோசனைப்படி ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைக் கொண்டு ஏட்டில் தொகுத்தார்கள். அந்த ஏடு பின்னர் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களின் பாதுகாப்பில் இருந்தது. உஸ்மான் (ரலி) அவர்கள் அதனைப் படியெடுத்துப் பல நகரங்களுக்கு அனுப்பினார்கள். இறைவேதத்திற்கு ஒப்பாகக் கடைக் கணக்கைக் கூறவில்லை. பேணுதலின் வழியைக் கற்கவே இதனைக் கூறுகிறேன்.

கணினி வல்லுநர்களும் இதையே சொல்கின்றனர்: பிரதிகள் மூன்று, அவை இருவகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறு இடத்தில். வெளி ஹார்ட் டிஸ்க்குகள் இரண்டு வாங்கி இரவு தோறும் மாற்றி மாற்றிப் பிரதி எடுங்கள். ஒன்று கடையிலிருக்கும்போது மற்றது வீட்டு அலமாரியில் இருக்கட்டும். அதற்கு இல்லத்தரசியே காவலராகட்டும். வாரம் ஒருமுறை பென்டிரைவிலும் ஒரு பிரதி எடுத்துவையுங்கள்.

பிரதி எடுத்தால் போதாது. திறந்து பார்க்கவும் வேண்டும். கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஊழியர் ஒருவர் தவறுதலாக முக்கியத் தரவுகளை அழித்துவிட்டார். பிரதிக்கான ஏற்பாடுகள் பல இருந்தும் தேவைப்பட்ட வேளையில் அவை கைகொடுக்கவில்லை. ஏறத்தாழ 6 மணி நேரத்திற்கு முன் எடுத்திருந்த ஒரு பிரதியே மீட்டது. அதற்குப் பின் பதிந்தவற்றில் பலவும் போயின. வல்லுநர்களுக்கே இந்நிலை எனில் நாம் எம்மாத்திரம்? மாதம் ஒருமுறை பிரதியை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, சென்ற வார பில் ஒன்றைத் தேடிப் பாருங்கள்.

சாவி யாரிடம்?

ஒவ்வொரு ஊழியருக்கும் தனிப் பெயரும் தனி பாஸ்வேர்டும் கொடுங்கள். வேலையை விட்டுப் போனவரின் அனுமதியை அன்றே நீக்குங்கள். தக்கவரின் துணையின்றிச் சர்வரை வெளி இணையத்திற்குத் திறந்துவிடாதீர்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. மவுத் எவருக்கும் நேரம் குறித்துச் சொல்லி வருவதில்லை. மையித்தின் கடனை அடைத்த பின்னரே வாரிசுகள் சொத்தைப் பங்கிட வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். கடன் யாருக்கு, எவ்வளவு என்ற விவரம் சர்வரில் பூட்டிக்கிடக்க, அதன் பாஸ்வேர்டு கபுருக்குள் போய்விட்டால் அப்பிள்ளைகள் என்ன செய்வார்கள்? கொடுத்தவரின் உரிமை என்னாவது? ஆகவே பாஸ்வேர்டைத் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, வீட்டில் நம்பிக்கைக்குரியவரிடம் இன்றே ஒப்படையுங்கள்.

நம்மிடமுள்ள பிறருடைய உரிமைகளைப் பேணி, கடனற்றவர்களாக அவனைச் சந்திக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.