டாஸ்க்பாரில் எட்டிப்பார்க்கும் குட்டிப் படங்கள்

இன்னைக்கு எடுத்துக்கிட்ட விஷயம் சின்னதுதான். டாஸ்க்பாரில் ஒரு ஐகான் மேல மவுஸை வச்சதும் குட்டிக் குட்டியா படம் எழும்பி வருதே, அந்த விண்டோ பிரிவியூ பத்திப் பேசப் போறோம்.

நம்ம சங்கரன்கோவில்ல ஒரு கம்ப்யூட்டர் சென்டரை நினைச்சுப் பாருங்க. பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம். நாலு பிள்ளைகளோட விண்ணப்பம் நாலு வேர்டு விண்டோவில் திறந்திருக்கு. மவுஸை வச்சா நாலு படமும் ஒரே மாதிரி வெள்ளைத்தாள். எது யாரோடது? மாத்தித் திறந்தா, ஒருத்தரோட பிறந்த தேதி இன்னொருத்தர் விண்ணப்பத்தில் ஏறிடும். பாதிப்பு பிள்ளைக்குத்தான்.

இந்தப் பிரிவியூ விண்டோஸ் விஸ்டாவிலேயே வந்துடுச்சு. 2009-ல் வந்த விண்டோஸ் 7, ஒரே புரோகிராமின் விண்டோக்களை எல்லாம் ஒரே ஐகானுக்குள் அடக்கி, படங்களை வரிசையாகக் காட்டியது. அதில் நான் பார்க்கிற சிக்கல் மூணு.

முதலாவது, படம் ரொம்பச் சின்னது. போட்டோவும் வீடியோவும் பளிச்சுனு தெரியும்; எழுத்து வாசிக்கவே முடியாது. நமக்கு வேண்டியது பேரு, அது காட்டுறது உருவம்.

இரண்டாவது, கை நிதானம். ஐகான்ல இருந்து படத்துக்குப் போகும்போது மவுஸ் கொஞ்சம் பக்கத்து ஐகானைத் தொட்டாலும் வேற படங்கள் வந்துடும். படத்தின் மூலையில் பெருக்கல் குறி வேற இருக்கு. அதில் கை பட்டா விண்டோவே மூடிக்கும். வயசானவங்களுக்கும் கை நடுங்குறவங்களுக்கும் இது பெரும் பாடு.

மூன்றாவது, எட்டிப்பார்க்கிறதை திறந்துட்டதா நினைக்கிறது. குட்டிப் படத்து மேல மவுஸ் நின்னா முழு விண்டோவும் திரையில் தெரியும். ஆனா கிளிக் பண்ணாத வரை அது வெறும் தோற்றம்தான். மவுஸ் நகர்ந்ததும் மறைஞ்சிடும்.

இணையப் பக்கங்களுக்கு இதற்கு ஒரு அளவுகோல் உண்டு. 2018-ல் டபிள்யூ3சி வெளியிட்ட அணுகல் வழிகாட்டி 2.1, மவுஸ் பட்டதும் தோன்றும் எதற்கும் மூணு நிபந்தனை வைக்குது: மவுஸை நகர்த்தாமலே அதை மறைக்க முடியணும், அதன் மேல மவுஸைக் கொண்டுபோனா மறையக் கூடாது, தானாகவும் மறையக் கூடாது. டாஸ்க்பாருக்கும் இது பொருத்தமான அளவுகோல்தான்.

சரி, என்ன செய்யலாம்? ஐகான்களைச் சேர்க்காம, பக்கத்தில் பேரோட காட்டச் சொல்லலாம். 2021-ல் விண்டோஸ் 11 வந்தப்போ இந்த வசதியே இல்லை. பயனாளர்கள் கேட்டுக் கேட்டு 2023-ல் திரும்பி வந்துச்சு. செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், டாஸ்க்பார், டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்னு போய், பட்டன்களைச் சேர்க்கிற இடத்தில் 'நெவர்' கொடுங்க.

ஆனா பேரும் சரியா இருக்கணும். 'டாக்குமெண்ட் 1', 'டாக்குமெண்ட் 2'ன்னு இருந்தா பழைய கதைதான். ஃபைலைத் திறந்ததுமே ஆளோட பேரை முதல்ல வச்சு சேவ் பண்ணிடுங்க. டாஸ்க்பாரில் இடம் குறைஞ்சு வெட்டுப்பட்டாலும் முன்பாதி தெரியும். குரோமில் 'நேம் விண்டோ'ன்னு மெனுவில் ஒரு வசதி இருக்கு. பிரவுசர் விண்டோவுக்கும் அப்படிப் பேர் வச்சுக்கலாம். மவுஸே வேண்டாம்னா ஆல்ட்டை அழுத்திக்கிட்டு டேப்பைத் தட்டுங்க. கையை எடுக்கிற வரை படங்கள் நிக்கும்.

உங்க கடையில், ஆபீஸில் இதை எப்படிச் சமாளிக்கிறீங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்.